முள்ளில்லாத சுண்டை மரத்துக் காயை வத்தல் போடலாமா?

வேலூரில் வீட்டுக் கொல்லையில் தானாக முளைத்த செடி பத்தடி மரமாகிவிட்டது, கொத்துக் கொத்தாகக் காய், முள் இல்லை, இலை வெல்வெட் மாதிரி இருக்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள்.

போடாதீர்கள். இந்த அடையாளங்களுக்கு அது பெரும்பாலும் மலைச்சுண்டை. தாவரவியல் பெயர் சொலானம் எரியாந்தம். சொந்த ஊர் வெப்பமண்டல அமெரிக்கா. 16ஆம் நூற்றாண்டில் ஸ்பானியக் கப்பல்களில் பிலிப்பைன்ஸ் வந்து ஆசியா முழுக்கப் பரவியது. பறவை எச்சத்தில் விதை விழுந்தால் எங்கும் முளைக்கும். நம்ம இலவம்பாடி முள்ளுக் கத்திரிக்காயும் இதே சொலானம் பேரினம்தான், அதனால் குடும்பத்தைப் பார்த்துப் பயப்படவோ நம்பவோ முடியாது.

முள்ளை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். நல்ல சுண்டையிலும் சில செடிகளில் முள் குறைவாக இருக்கும். காயைத் தொட்டுப் பாருங்கள். சுண்டைக்காய் மொழுமொழுவென்று பளபளக்கும். மலைச்சுண்டையில் பிஞ்சிலும் காம்பை ஒட்டிய புல்லி இதழிலும் சாம்பல் நிறப் பஞ்சு ரோமம் இருக்கும், கட்டைவிரலால் தேய்த்தால் மாவு போல உதிரும். பழுத்தால் ஒரு செ.மீ. அளவில் மஞ்சளாகும். சுண்டை இலை ஓரம் வளைந்து வெட்டுப்பட்டிருக்கும். மலைச்சுண்டை இலை வெட்டில்லாமல் நீள்வட்டமாக இருக்கும், கசக்கினால் கெட்ட வாடை. பூ இரண்டிலும் வெள்ளைதான், அதை நம்ப வேண்டாம்.

மலைச்சுண்டைக் காயில் சொலாசோடின் வகை ஆல்கலாய்டுகள் என்ற நச்சுப் பொருட்கள் உண்டு, பச்சைக் காயில் கூடுதல். மோரில் ஊறப்போட்டு, காயவைத்து, எண்ணெயில் பொரித்தால் சரியாகிவிடும் என்று நினைப்பதுதான் ஆபத்து: சமையல் சூட்டில் இவை அவ்வளவாகச் சிதையாது. சில இடங்களில் குழம்பில் போடுவதாகச் சொல்வார்கள். அதை நம்பிச் சோதித்துப் பார்க்க வேண்டாம்.

குழந்தை தின்றுவிட்டால் தலைவலி, வாந்தி, வயிற்றுவலி வரலாம், சில மணி நேரம் கழித்தும் தொடங்கலாம். வாந்தி எடுக்க வைக்காதீர்கள். 108ஐ அழையுங்கள், காயும் இலையும் உள்ள கிளை ஒன்றைக் கையோடு ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போனால் டாக்டருக்கு உதவும்.

வெட்டுவதானால் காய் பழுப்பதற்கு முன் வெட்டுங்கள். இலையின் ரோமத் தூசி மூக்கிலும் தொண்டையிலும் நமைக்கும்; முகத்தில் துணி, கையில் உறை கட்டாயம். அடிமரத்தை வெட்டி வேரை அப்படியே விட்டால் மறுபடி துளிர்க்கும், ஆகவே மழை பெய்து மண் இளகியதும் கடப்பாரையால் வேரோடு நெம்பி எடுங்கள். தழையை ஆட்டுக்குப் போடக்கூடாது. காய்க்கொத்தை எருக்குழியில் எறிந்தால் எரு போடும் இடமெல்லாம் கன்று கிளம்பும்.