மசாலாப் பொடி விளம்பரத்தில் என்ன எழுதலாம்?

கேள்வி கேட்டவர் சிங்கப்பூரின் ஈசூனில் வீட்டிலேயே சாம்பார் பொடியும் மீன் குழம்புப் பொடியும் அரைத்து விற்கத் தொடங்கியிருக்கிறார். விளம்பரம் எழுதித் தரும் நண்பர் ஒருவர், "யாரும் படிக்க மாட்டார்கள். '100% இயற்கை', 'பாட்டி கைப்பக்குவம்', 'இன்னும் 2 நாள் மட்டும்' என்று பெரிய எழுத்தில் போடுங்கள், போதும்" என்றாராம். அது சரியா என்று கேட்கிறார்.

சரியில்லை என்பதே என் பதில். நாங்கள் சிராங்கூன் சாலைப் பக்கம் மளிகையும் மசாலாவும் விற்கும் சின்னக் கடை வைத்திருக்கிறோம். அப்பா தொடங்கியது, இப்போது நானும் தங்கையும் பார்க்கிறோம். மசாலா வாங்க வருகிறவர் யார் என்று முதலில் யோசித்துப் பாருங்கள். பெரும்பாலும் வீட்டில் தினமும் அடுப்படியில் நிற்பவர். பொட்டலத்தைப் பிரித்து முகர்ந்ததுமே மல்லி எந்தப் பதத்தில் வறுபட்டது என்று சொல்லிவிடுவார். அவரிடம் போய் 'பாட்டி கைப்பக்குவம்' என்றால் அவருக்கு என்ன புரியும்? உங்கள் பாட்டியை அவருக்குத் தெரியாது. அவருக்குத் தெரிய வேண்டியது உள்ளே என்ன மிளகாய், எப்போது அரைத்தது, எவ்வளவு எடை, என்ன விலை என்பதுதான். நண்பர் சொன்ன மூன்று வரிகளில் இவற்றில் ஒன்றுகூட இல்லை.

எங்கள் கடையில் இதை நான் நன்றாக உணர்ந்தது அரிசி விஷயத்தில். 2023 ஜூலை 20-ம் தேதி, பாசுமதி அல்லாத வெள்ளை அரிசியின் ஏற்றுமதிக்கு இந்தியா தடை போட்டது. சிங்கப்பூர் அதற்கு முந்தைய ஆண்டில் இறக்குமதி செய்த அரிசியில் சுமார் 40 விழுக்காடு இந்தியாவிலிருந்து வந்தது. செய்தி வந்ததும் வாட்ஸ்அப்பில் என்னென்னவோ சுற்றத் தொடங்கியது. வழக்கமாக ஒரு பை வாங்குகிறவர்கள் மூன்று, நான்கு என்று கேட்டார்கள். அந்த நேரத்தில் ஒரு கடைக்காரர் "இனி அரிசி வராது, இப்போதே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், கிடங்கு காலியாகிவிடும்.

நாங்கள் கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு தாள் ஒட்டினோம். தடை பச்சரிசிக்கு மட்டும். புழுங்கலரிசிக்கு இல்லை, அதனால் இட்லி அரிசியும் பொன்னி புழுங்கலும் வரும். பாசுமதியும் வரும். கடையில் இப்போது இருப்பது பழைய விலைக்கு வாங்கிய சரக்கு, அது தீரும்வரை விலை ஏறாது. இவ்வளவுதான் எழுதியிருந்தோம். தாளைப் படித்துவிட்டு மூன்று பை கேட்டவர் ஒன்றோடு போனதை நானே பார்த்தேன். தங்கைக்குக் கொஞ்சம் கவலைதான், அன்றைய விற்பனை குறையுமே என்று. குறைந்தது உண்மை.

ஆகஸ்ட் 25-ம் தேதி புழுங்கலரிசிக்கும் 20 விழுக்காடு ஏற்றுமதி வரி வந்தது. தாளை மாற்றி எழுதினோம்: அடுத்து வரும் சரக்கின் விலை ஏறும், காரணம் இந்த வரி. விலை ஏறியபோது யாரும் சண்டைக்கு வரவில்லை. இதில் சுவையான பகுதி இதற்குப் பிறகுதான். 2024 செப்டம்பர் கடைசியில் வெள்ளை அரிசித் தடை நீங்கியது, அக்டோபரில் புழுங்கலரிசி மீதான வரியையும் எடுத்துவிட்டார்கள். அந்த வாரமே, ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் நேராக என்னிடம் வந்து, "வரி போய்விட்டதே தம்பி, விலை எப்போது இறங்கும்?" என்றார். வரியோடு வாங்கிய சரக்கு இன்னும் இருக்கிறது, அது தீர்ந்து அடுத்தது வந்ததும் இறங்கும் என்றேன். "அப்போது பழைய சரக்குக்குப் பழைய விலை என்றீர்கள், இப்போதும் அதே கணக்கா? சரி, நியாயம்தான்" என்று சொல்லிவிட்டு, புதுச் சரக்கு வந்ததா என்று பார்க்க மறக்காமல் வந்தார். விலையை இறக்காமல் இருந்திருந்தால் அவர் முகத்தில் விழித்திருக்க முடியாது. கணக்கை ஒருமுறை வாடிக்கையாளரிடம் காட்டிவிட்டால் அடுத்த முறை அவர் அதே கணக்கை வைத்து நம்மைக் கேட்பார். அப்படிக் கேட்கிற வாடிக்கையாளர்தான் எனக்கு வேண்டும். நம் பக்கம் நியாயம் இருக்கும்போது அதை எடைபோடத் தெரிந்தவரும் அவர்தான்.

இதே காலத்தில் அரிசியைப் பற்றி எனக்கு அதிகம் சொல்லிக் கொடுத்தவர்கள் ஞாயிற்றுக்கிழமை வரும் வெளிநாட்டு ஊழியர்கள். தஞ்சாவூர், புதுக்கோட்டை, ராமநாதபுரம் பக்கத்துப் பிள்ளைகள். கட்டுமானத் தளத்திலும் கப்பல் பட்டறையிலும் வேலை செய்கிறார்கள், ஊரில் குடும்பம் நெல் போடுகிறது. குறுவை எப்படி, சம்பா எப்படி, கொள்முதல் நிலையத்தில் என்ன விலை போகிறது என்பதெல்லாம் அவர்களுக்குத் தொலைபேசியில் அன்றாடம் தெரியும். பணம் அனுப்பும் கடைகளில் ரூபாய் மதிப்பைப் பைசா வரை ஒப்பிட்டுவிட்டுத்தான் வரிசையில் நிற்பார்கள். நகை வாங்கும்போது, ஓராண்டுக்கு மேல் வெளிநாட்டில் இருந்த ஆணுக்கு 20 கிராம், பெண்ணுக்கு 40 கிராம் வரை சுங்கத் தீர்வை இல்லை என்பதை நகைக்கடை விற்பனையாளருக்கே எடுத்துச் சொல்வார்கள். இப்படிப்பட்டவர்களை, போட்டிருக்கும் சட்டையைப் பார்த்துவிட்டு "உனக்கு இது போதும்" என்று மலிவான பாக்கெட்டைத் தள்ளிவிடும் வழக்கம் சில கடைகளில் இருக்கிறது. பார்க்கவே எனக்குப் பொறுக்காது. ஒரு வெள்ளியை, அதாவது ஒரு சிங்கப்பூர் டாலரை, எப்படிச் செலவழிப்பது என்று அவர்கள் யோசிக்கிற அளவுக்கு என் கடைக்கு வரும் வேறு யாரும் யோசிப்பதில்லை. எங்கள் கடையில் புதிதாக வேலைக்கு வருகிறவரிடம் நான் முதலில் சொல்வது இதைத்தான்: ஞாயிற்றுக்கிழமை எவ்வளவு கூட்டம் இருந்தாலும், அண்ணன் ஒருவர் நூறு கிராம் விலை கேட்டால் நின்று பதில் சொல்லுங்கள்.

வீட்டுப் பணிப்பெண்களும் அப்படித்தான். முதலாளியம்மா எழுதிக் கொடுத்த பட்டியலோடு வரும் இந்தோனேசியப் பெண்ணுக்குத் தமிழ் தெரியாது, அவ்வளவுதான். எந்தப் பருப்பு வேகும், எது வேகாது என்பது அவளுக்கு நன்றாகத் தெரியும்.

சரி, மசாலாவுக்கு வருகிறேன். உங்கள் கேள்வி அதைப் பற்றியது. 2024 ஏப்ரலில், இந்தியாவிலிருந்து வந்த ஒரு மீன் குழம்பு மசாலாவில் எத்திலீன் ஆக்சைடு அனுமதித்த அளவுக்கு மேல் இருந்ததால் அதைத் திரும்பப் பெறும்படி சிங்கப்பூர் உணவு அமைப்பு இறக்குமதியாளருக்கு உத்தரவிட்டது. ஹாங்காங்தான் அதை முதலில் கண்டுபிடித்துச் சொன்னது. எத்திலீன் ஆக்சைடு ஒரு வாயு. சரக்கில் கிருமி வளராமல் இருக்கப் புகைபோடுவதற்குப் பயன்படுத்துகிறார்கள். குறைந்த அளவில் உடனடி ஆபத்து இல்லை, நீண்டகாலம் உடலில் சேர்ந்தால் கெடுதல் என்று உணவு அமைப்பு விளக்கியது.

அந்த வாரம் கடைக்கு வந்தவர்கள் எல்லாரும் ஒரே கேள்வி கேட்டார்கள்: "உங்கள் பொடியில் அது இருக்கிறதா?" வாயில் வரும் பதில் என்னவோ "எங்கள் பொடி சுத்தம்மா, பயப்படாதீங்க" என்பதுதான். ஆனால் கேட்கிறவர் செய்தியைப் படித்துவிட்டு வந்திருக்கிறார். வாயுவின் பெயரைச் சரியாகச் சொல்கிறார். அவருக்கு அந்தப் பதில் போதாது. நாங்கள் சொன்னது இது: "வறுப்பது, அரைப்பது எங்கள் கையில் நடக்கிறது, அதில் எதுவும் சேர்ப்பதில்லை. ஆனால் மிளகாயும் மல்லியும் இங்கே வந்து சேர்வதற்கு முன் அங்கே என்ன புகை போட்டார்கள் என்பதை நாங்கள் கண்ணால் பார்க்கவில்லை. இறக்குமதியாளரிடம் சோதனைத் தாள் கேட்டிருக்கிறோம். வந்ததும் காட்டுகிறோம்." சிலர் "அப்படியானால் வந்த பிறகு வாங்கிக்கொள்கிறேன்" என்று போனார்கள். அது அவர்களுடைய உரிமை. நானாக இருந்தாலும் அப்படித்தான் செய்திருப்பேன். தாள் வந்ததும் கண்ணாடியில் ஒட்டினோம். அதை நின்று வரி வரியாகப் படித்தவர்கள் நிறைய பேர். யாரும் படிக்க மாட்டார்கள் என்று சொன்ன உங்கள் நண்பர் அதைப் பார்த்திருக்க வேண்டும்.

'100% இயற்கை' என்ற வரிக்கு இப்படி ஒரு நாளில் எந்த மதிப்பும் இருக்காது. மிளகாய் இயற்கைதான், அதன்மேல் போட்ட புகையைப் பற்றி அந்த வரி ஒன்றும் சொல்லவில்லையே.

'இன்னும் 2 நாள் மட்டும்' என்பதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. இங்கே 2020 நவம்பர் 1 முதல் விலை வெளிப்படைத்தன்மைக்கு வழிகாட்டி நெறிமுறைகள் உண்டு. ஒருபோதும் விற்காத விலையை எழுதி அடித்துவிட்டு 'தள்ளுபடி' என்று காட்டுவது, முடிவே இல்லாத சலுகைக்கு முடிவு நாள் போடுவது, கடைசியில் கட்டணம் சேர்ப்பது எல்லாம் வாடிக்கையாளரைத் தவறாக வழிநடத்தும் வழக்கங்களாக அதில் வருகின்றன. பொருள் சேவை வரியிலும் கவனம். ஆண்டு விற்பனை 1 மில்லியன் வெள்ளியைத் தாண்டாத சிறு தொழில் அதற்குப் பதிவு செய்ய வேண்டிய கட்டாயம் இல்லை. பதிவு செய்யாதவர் வாடிக்கையாளரிடம் 9 விழுக்காடு வசூலிக்கவும் கூடாது. "வரி ஏறியதால் விலை ஏறியது" என்று வீட்டிலிருந்து விற்பவர் சொன்னால், விவரம் தெரிந்தவர் அடுத்த முறை வர மாட்டார்.

காணொளி போடலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். போடுங்கள். என் அண்ணன் மகன், பதினைந்து வினாடிக்கு மேல் போனால் யாரும் பார்க்க மாட்டார்கள், வாயைப் பிளந்த படம் ஒன்று முகப்பில் வேண்டும் என்றான். நான் சம்மதிக்கவில்லை. குண்டூர் மிளகாய், பியாடகி, ராமநாதபுரம் முண்டு மூன்றையும் தட்டில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, குண்டூர் காரத்துக்கு, பியாடகி நிறத்துக்கு, முண்டு அதன் வாசனைக்கு என்று பொறுமையாகச் சொன்னோம். பார்த்தவர் எண்ணிக்கை பெரிதில்லை. ஆனால் கடைசிவரை பார்த்தவர்கள் கடைக்கு வந்து, "எனக்குப் பாதி குண்டூர், பாதி பியாடகி போட்டு அரைத்துத் தருவீர்களா?" என்று கேட்கிறார்கள். மசாலாக் கடைக்கு இதைவிட வேறு என்ன விளம்பரம் வேண்டும்?

ஒன்றே ஒன்றில் எச்சரிக்கை. மதிக்கிறேன் என்று சொல்லிக்கொண்டு பாடம் நடத்தத் தொடங்கிவிடாதீர்கள். எங்களிடம் ஒரு பெரானாக்கன் (சீன-மலாய்க் கலப்பு மரபு) அம்மா பல வருடமாக வாங்குகிறார். மசாலாவை அம்மியில் அரைத்துப் பழகிய கை. அவரிடம் மஞ்சளின் நன்மையைப் பற்றிப் பேசினால் அவர் நேரம்தான் வீணாகும். தேக்கா சந்தையில் மசாலா கலந்து கொடுக்கும் கடைக்காரர்கள் இதில் கெட்டிக்காரர்கள். போய் நின்றால் முதலில் கேள்விதான் வரும்: மீனுக்கா இறைச்சிக்கா, எத்தனை கிலோ, தேங்காய்ப்பால் ஊற்றுவீர்களா, பிள்ளைகள் சாப்பிடுவார்களா? அதற்குப் பிறகுதான் கரண்டி நகரும். வாங்குகிறவர் எந்தச் சமையலுக்கு வாங்குகிறார் என்று கேட்டுவிட்டால், எதைச் சொல்ல வேண்டும், எதை விட வேண்டும் என்பது தானாகத் தெரிந்துவிடும்.

அப்புறம் உங்கள் பொட்டலம். வீட்டிலிருந்து விற்பதற்கு உணவு அமைப்பின் உரிமம் தேவையில்லை என்பதால் எழுதுவதிலும் அலட்சியம் வேண்டாம். அரைத்த தேதி, எடை, 100 கிராமுக்கு என்ன விலை, சேர்ந்திருக்கும் பொருள்கள் எல்லாம் போடுங்கள். சாம்பார் பொடியில் பெருங்காயம் சேர்க்கிறீர்கள் அல்லவா? தூளாக விற்கும் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவோ அரிசி மாவோ கலந்திருக்கும். நீங்கள் வாங்கும் டப்பாவைத் திருப்பிப் பாருங்கள். கோதுமை என்றால் அதைத் தெளிவாக எழுதுங்கள். கோதுமை ஒத்துக்கொள்ளாதவர்கள் அந்த ஒரு வரியைத்தான் முதலில் தேடுவார்கள். மீன் குழம்புப் பொடி நல்ல சிவப்பாக இருந்தால் நிறம் எந்த மிளகாயிலிருந்து வருகிறது என்று எழுதுங்கள், சாயம் சேர்த்திருக்கிறார்களோ என்ற சந்தேகம் வராது. உங்கள் விலை பேரங்காடி பாக்கெட்டைவிடக் கூடுதலாகத்தான் இருக்கும். அதையும் மறைக்காமல், சிறிய அளவில் அரைப்பதால் இந்த விலை என்று எழுதிவிடுங்கள். வாங்குவதா வேண்டாமா என்பதை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

நீங்கள் எழுதிய விளம்பர வரைவை மறுபடியும் படித்தேன். எந்த மிளகாய் என்று எங்குமே சொல்லவில்லை. அதைக் கீழே சொல்லுங்கள், தாளில் எழுத வேண்டியதைச் சேர்ந்தே எழுதிப் பார்ப்போம்.