மயில்துத்தம் போலியா, வாளி கெடுத்ததா?

கேள்வி: உச்சிப்புளி பக்கம் தென்னந்தோப்பு வைத்திருக்கிறேன். மழைக்குப் பிறகு இரண்டு மரங்களில் நடுக்குருத்து வெளுத்து, இழுத்தால் கையோடு வருகிறது, நாற்றமும் அடிக்கிறது. துத்தமும் சுண்ணாம்பும் சேர்ந்த பூஞ்சாண மருந்தான போர்டோ கலவைக்காக ஒரு கிலோ மயில்துத்தத்தை (காப்பர் சல்பேட்) தகர வாளியில் ராத்திரி கரைத்து வைத்தேன். விடிந்து பார்த்தால் நீலம் வெளுத்து, அடியில் செங்கசடு. வாளியும் ஒழுகுகிறது. சரக்கு போலியா?

பதில்: செம்பே இல்லாத சரக்காக இருந்தால் அந்தச் செங்கசடு விழாது. கெடுத்தது வாளிதான்.

தகர வாளி என்பது துத்தநாகம் பூசிய இரும்பு. எலெக்ட்ரானை விட்டுக்கொடுப்பதில் துத்தநாகம் முந்தும், அடுத்து இரும்பு, செம்பு கடைசி. அதனால் துத்தநாகம் கரைசலில் இறங்கி, செம்பை உலோகமாக வெளியே தள்ளியது. பூச்சு தீர்ந்ததும் இரும்பு அரிபட்டு ஓட்டை விழுந்தது. உங்கள் ஒரு கிலோவில் இருக்கும் செம்பு சுமார் 255 கிராம். பூஞ்சாணத்தைத் தடுக்க வேண்டிய அந்தச் செம்பில் பெரும்பகுதி கசடாகிவிட்டது. மிச்சக் கரைசலை மரத்துக்கு அடிக்காதீர்கள்.

தனிம அட்டவணையின் 4ஆவது வரிசையில் இடக்கோடியில் உள்ள பொட்டாசியமும் கால்சியமும் தண்ணீர் பட்டாலே வினைபுரியும். வலப்பக்கம் போகப் போக அந்த வேகம் பொதுவாகத் தணியும். ஆனால் செம்புக்கு அடுத்த கட்டத்திலேயே இருக்கும் துத்தநாகம் அதைவிட வெகு தீவிரம். கட்டத்தை மட்டும் பார்த்து முடிவு செய்ய முடியாது.

இனி பிளாஸ்டிக் வாளி அல்லது மண்பானைதான். 10 லிட்டர் கலவைக்கு 100 கிராம் மயில்துத்தத்தை 5 லிட்டர் நல்ல தண்ணீரில் கரையுங்கள். 100 கிராம் சுட்ட சுண்ணாம்பை இன்னொரு 5 லிட்டரில் நீற்றி, ஆறவிட்டு வடிகட்டுங்கள். துத்தக் கரைசலைச் சுண்ணாம்புப் பாலில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் கலக்குங்கள். கிளிஞ்சல் சுண்ணாம்பும் ஆகும், புதிதாகச் சுட்டதாக இருந்தால். கடற்கரை ஈரக்காற்றில் மூட்டை பிரிந்து கிடந்த சுண்ணாம்பு கார்பனேட்டாக மாறியிருக்கும், வேலை செய்யாது.

பிறகு துரு நீங்கத் தேய்த்த சாதா இரும்புக் கத்தியைக் கலவையில் ஒரு நிமிடம் முக்கிப் பாருங்கள். செம்மை படிந்தால் கரைந்த செம்பு இன்னும் இருக்கிறது, இலை கருகும். செம்மை படிவது நிற்கும்வரை சுண்ணாம்புப் பால் சேருங்கள். உங்கள் வாளியில் நடந்த அதே வினைதான் இங்கே சோதனையாக உதவுகிறது.

நோய் கண்ட மரங்களில் அழுகிய பகுதியை நல்ல திசு தெரியும்வரை வெட்டி எரித்துவிட்டு, போர்டோ பசை தடவுங்கள்: துத்தம் 100 கிராம், சுண்ணாம்பு 100 கிராம், தலா அரை லிட்டர் தண்ணீரில். புதுக்குருத்து வரும்வரை மழை இறங்காதபடி பாலிதீன் தாளால் மூடி வையுங்கள். சுற்றியுள்ள மரங்களின் கொண்டையில் கலவையைத் தெளியுங்கள், கலந்த அன்றே.