பொதுச் சுவர்

அன்புள்ள ஐயா,

நகரப் போர் பற்றிய உங்கள் கட்டுரையில், 1943-இல் இத்தாலியின் ஒர்டோனா நகரைக் கனடா வீரர்கள் தெருவில் கால் வைக்காமலேயே பிடித்ததாக எழுதியிருந்தீர்கள். அது எப்படி முடியும்? டாங்கிகள் இருந்தும் அந்தச் சின்ன ஊரைக் கடக்க ஒரு வாரம் ஏன்? ராணுவ விஷயம் தெரியாத எனக்கும் புரியும்படி சொல்லுங்கள்.

- ஒரு வாசகர், ஈரோடு

அன்புள்ள நண்பருக்கு,

நான் எழுதியதைத் திருத்திக்கொள்கிறேன். தெருவில் கால் வைத்தார்கள். வைத்தவர்களில் பலர் செத்தார்கள். அதன் பிறகுதான் சுவருக்குள் புகுந்தார்கள்.

டிசம்பர் 20-ஆம் தேதி கனடாவின் லாயல் எட்மன்டன் படைப்பிரிவு ஊருக்குள் நுழைந்தது. இன்னொரு கனடாப் படைப்பிரிவான சீஃபோர்த்தும் சேர்ந்துகொண்டது. எதிரே ஜெர்மனியின் முதலாம் பாராசூட் டிவிஷன். சண்டை எந்த இடத்தில் நடக்க வேண்டும் என்பதை அவர்கள் முன்பே முடிவு செய்துவிட்டார்கள். குறுக்குத் தெருக்களில் வீடுகளை இடித்துத் தள்ளி இடிபாடுகளால் அடைத்தார்கள். சதுக்கத்துக்குப் போகும் அகன்ற வீதியை மட்டும் விட்டுவைத்து, அதைக் குறிபார்த்து இயந்திரத் துப்பாக்கிகளைப் பொருத்தினார்கள். திறந்து கிடந்த அந்த வீதிதான் வலை.

டாங்கியைக் கேட்டீர்கள். இடிபாட்டின் மேல் ஏறும் டாங்கி தன் மெல்லிய அடிவயிற்றைக் காட்டியாக வேண்டும். பக்கத்து வீட்டின் மேல்மாடியைச் சுடும் அளவுக்கு அதன் பீரங்கி நிமிராது. காலாட்படை வீடுகளைப் பிடித்துக்கொடுத்தால்தான் டாங்கி ஓரடி நகர முடியும்.

ஒர்டோனாவின் வீடுகள் ஒன்றோடொன்று ஒட்டியவை. இரண்டு வீட்டுக்கு ஒரே பொதுச் சுவர். கனடா வீரர்கள் ஒரு வீட்டைப் பிடித்ததும் மேல்மாடிக்கு ஏறி, அந்தச் சுவரில் வெடியைப் பொருத்திவிட்டுக் கீழ்த்தளத்துக்கு ஓடி வந்து பதுங்குவார்கள். வெடித்ததும் புழுதி அடங்கும் முன்பே படியேறிப் போய், ஓட்டைக்குள் கையெறி குண்டை வீசிவிட்டு அடுத்த வீட்டுக்குள் நுழைவார்கள். அங்கிருந்து மாடி மாடியாகக் கீழே இறங்கிச் சுத்தம் செய்வார்கள். மேலிருந்து தொடங்குவதற்குக் காரணம் உண்டு: குண்டு படிக்கட்டில் தானாகவே கீழே உருளும்; எதிரிக்கும் தெருவுக்கு ஓட ஒரு வழி இருக்கும். கீழிருந்து துரத்தினால் அவன் மேல்மாடியில் சிக்கிக்கொண்டு கடைசிவரை சுடுவான். சுவரில் போடும் இந்த ஓட்டைக்கு 'எலிவளை' என்று பெயர். 1916-இல் அயர்லாந்தின் டப்ளினில் பிரிட்டிஷ் ஆட்சியை எதிர்த்த கிளர்ச்சியாளர்களும் இப்படித்தான் வீட்டுக்கு வீடு சுவரை உடைத்து நகர்ந்தார்கள்.

கிறிஸ்துமஸ் நாளில் சீஃபோர்த் வீரர்கள் ஒரு தேவாலயத்தில் மேஜைகள் போட்டு விருந்து வைத்தார்கள். ஒரு கம்பெனி, அதாவது படைப்பிரிவின் ஓர் உட்பிரிவு, சண்டையிலிருந்து வந்து சாப்பிட்டுத் திரும்பிப் போனதும் அடுத்த கம்பெனி வரும். ஆர்கன் வாசித்தார்கள். துப்பாக்கிச் சத்தம் கேட்கும் தூரத்தில் சூப்பும் பன்றி இறைச்சியும் தின்றுவிட்டு எழுந்து போனவர்களை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனத்துப்போகிறது.

ஜெர்மானியரும் சும்மா இருக்கவில்லை. கனடா வீரர்கள் நுழையக்கூடிய வீடுகளில் முன்கூட்டியே வெடி புதைத்தார்கள். டிசம்பர் 27-இல் எட்மன்டன் பிளாட்டூன் (சிறு படைக்குழு) ஒன்று அப்படி ஒரு வீட்டோடு புதைந்தது. மூன்று நாள்களுக்குப் பிறகும் ஒருவரை உயிரோடு தோண்டி எடுத்தார்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லியாக வேண்டும். சுவரை உடைப்பவனுக்கு மறுபுறம் யார் இருக்கிறார் என்று தெரியாது. குண்டு முதலில் போகும், கண் பிறகுதான் போகும். அந்த வரிசையை மாற்றினால் வீரன் சாவான். வீரனைக் காப்பாற்றும் இதே முறைதான் வீட்டுக்காரனைக் கொல்கிறது. 2002 ஏப்ரலில் பாலஸ்தீனத்தின் நாப்லஸ் பழைய நகரத்தில் இஸ்ரேலியப் படை சுவர்களை உடைத்து நகர்ந்தபோது, அந்த வீடுகளில் குடும்பங்கள் இருந்தன. போர்க்கலை பேசுபவர்கள் இதை வியந்து எழுதும்போது எனக்குக் கோபம் வருகிறது. ஒர்டோனாவிலும் மக்கள் நிலவறைகளில் ஒளிந்துகொண்டிருந்தார்கள். அந்த ஊரில் இறந்த பொதுமக்கள் 1,300-க்கும் மேல்.

27-ஆம் தேதி இரவு ஜெர்மானியர்கள் ஓசையில்லாமல் வெளியேறினார்கள். மறுநாள் காலை ரோந்து போன கனடா வீரர்களைச் சுடுவதற்கு வீதியில் யாரும் இல்லை.

அன்புடன்.