பொருள் விலையை மட்டும் பில்லோடு ஒப்பிடாதீர்கள்

“தனியாக வாடகை வீட்டில் இருக்கிறேன். மூன்று வேளையும் வெளியில்தான் சாப்பாடு. வீட்டில் சமைத்தால் மூன்றில் ஒரு பங்குச் செலவில் முடிந்துவிடும் என்கிறார்கள். உண்மையா?” என்று கேட்டிருக்கிறீர்கள்.

வாங்கிய பொருள் அத்தனையும் உங்கள் தட்டுக்கு வந்துசேர்ந்தால் உண்மை. முதல் மாதத்தில் வந்துசேராது. இதை அடித்துச் சொல்ல எனக்குக் காரணம் இருக்கிறது. நாற்பது பேர் உட்கார்ந்து சாப்பிடக்கூடிய ஒரு சிறிய உணவகத்தில் ஒன்பது ஆண்டுகள் கணக்கு எழுதியவள் நான். கல்லாவில் உட்கார்ந்திருக்கும்போது வாரத்துக்கு ஒருவராவது என் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டுப் போவார்: “இதற்கா இவ்வளவு பணம்? இதே பணத்தில் வீட்டில் மூன்று பேருக்குச் சமைத்துவிடலாம்.” பதில் பேசக் கூடாது என்பது முதலாளியின் உத்தரவு. அந்தப் பதிலைத்தான் இப்போது எழுதுகிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் உணவகத்தில் ஒரு பில் நூறு என்றால், அதில் சரக்குச் செலவு முப்பதிலிருந்து முப்பத்தைந்துக்குள் நிற்க வேண்டும். இந்தத் தொழிலில் பல இடங்களில் வைத்திருக்கும் அளவுதான் அது. ஏறக்குறைய அதே அளவு சம்பளத்துக்குப் போகும். மீதியில் வாடகை, எரிபொருள், மின்சாரம், தண்ணீர், வரி, தேய்மானம் எல்லாம் போய்க் கடைசியில் முதலாளி கையில் ஐந்து நின்றால் அது நல்ல மாதம். நீங்கள் கேள்விப்பட்ட “மூன்றில் ஒரு பங்கு” இங்கிருந்து வந்ததுதான். பில்லிலிருந்து சரக்கை மட்டும் பிரித்தெடுத்து, அதையே வீட்டுச் சமையலின் முழுச் செலவு என்று சொல்லிவிடுகிறார்கள். உணவகக்காரர்களுக்கு வக்காலத்து வாங்குகிறேன் என்று சிலர் வருவார்கள். வாங்கவில்லை. கொள்ளை விலை வைக்கும் இடங்களும் உண்டு, நானே எழுந்து வந்திருக்கிறேன். நான் சொல்வது கணக்கு எழுதும் முறையைப் பற்றி.

கட்டடக் குத்தகை முடிந்து அந்த உணவகம் மூடப்பட்டது. வேறு ஊரில் வேலை கிடைத்துத் தனி வீடு பார்த்துக்கொண்டேன். அதுவரை ஒன்பது ஆண்டுகளும் மதியச் சாப்பாடு வேலையிடத்திலேயே முடிந்துவிடும். புது ஊரில் முதல் இரண்டு வாரங்கள் வெளியில் சாப்பிட்டேன். பில்களைச் சேர்த்துப் பார்த்ததும் பயம் வந்தது. அடுப்பு, பாத்திரம், எடை பார்க்கும் சிறிய தராசு எல்லாம் வாங்கினேன். உணவகத்தில் எழுதியதைப் போலவே ஒரு நோட்டுப் போட்டேன்: மாதத் தொடக்க இருப்பு, அதனுடன் கொள்முதல், அதிலிருந்து மாதக் கடைசி இருப்பைக் கழித்தால் செலவான சரக்கு. குப்பைக்குப் போகும் ஒவ்வொன்றையும் எடை போட்டு எழுதுவது என்றும் வைத்துக்கொண்டேன்.

வேலைக்குப் போகும் ஒருத்தி மூன்று வேளையும் சமைக்க முடியாது என்பது தெரியும். அதனால் மாதத்தில் எழுபத்தைந்து வேளைக்குத் திட்டமிட்டேன். நாற்பத்து நான்கு வேளைதான் சமைத்தேன். மற்ற நாட்களில் வேலை முடிந்து வரவே நேரமாகிவிட்டது, அல்லது வந்ததும் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை. ஆனால் பொருள் எழுபத்தைந்து வேளைக்கு வாங்கியாயிற்று. கீரைகள் மூன்றாம் நாளே வாடின. தோலும் காம்பும் போக மிஞ்சுவது வாங்கிய எடையில் எவ்வளவு என்று உணவகத்தில் தினமும் பார்த்தவள்தான் நான், வீட்டில் அதை மறந்தே போனேன். ஒருமுறை பயன்படுத்துவதற்காக வாங்கிய சில மசாலாப் பொட்டலங்கள் திறந்தபடியே கிடந்து மணம் போயின. மாதக் கடைசியில் கூட்டியபோது, வெளியில் ஒரு வேளைச் சாப்பாடு நூறு என்றால், வீட்டில் சமைத்த ஒரு வேளைக்கு எழுபத்தொன்று ஆகியிருந்தது. அடுப்பு, பாத்திரம் வாங்கிய பணத்தை இதில் சேர்க்கவே இல்லை.

அந்த எழுபத்தொன்றை நான் மூன்று முறை கூட்டிப் பார்த்தேன். வாங்கிய காய்கறியில் மூன்றில் ஒரு பங்கு எடை குப்பைக்குப் போயிருந்தது. எங்கள் உணவகத்தில் இப்படி நடந்திருந்தால் சரக்கு அறைச் சாவியை என்னிடமிருந்து வாங்கியிருப்பார்கள்.

இது என் கைக்கு மட்டும் நேர்ந்த குறை இல்லை என்று பின்னால் தெரிந்தது. ஐக்கிய நாடுகள் சுற்றுச்சூழல் திட்டம் 2024இல் வெளியிட்ட அறிக்கையின்படி, 2022இல் உலகம் முழுவதும் சுமார் 105 கோடி டன் உணவு வீணாகியிருக்கிறது. அதில் 63 கோடி டன் வீடுகளிலிருந்து போனது. உணவகம், விடுதி போன்ற இடங்களிலிருந்து போனது 29 கோடி டன். வீடுகளில் சாப்பிடுபவர்கள் அதிகம் என்பதால் இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்து யார் மோசம் என்று தீர்ப்புச் சொல்ல முடியாது. ஆனால் வீட்டுச் சமையல் என்றாலே சிக்கனம் என்று நினைப்பவர்கள் அந்த 63 கோடியை ஒருமுறை பார்க்க வேண்டும். அது யாரோ காசு கொடுத்து வாங்கிய பொருள்.

இரண்டாம் மாதம் ஒரே ஒரு மாற்றம் செய்தேன். வாரத்துக்கு ஒருமுறை வாங்குவதை விட்டு, மூன்று நாட்களுக்கு ஒருமுறை, எழுதி வைத்த அளவு மட்டும் வாங்கினேன். மூன்று நாள் என்பது ஏதோ ஒரு கணக்கு அல்ல. சமைத்த உணவை அறை வெப்பத்தில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது, குளிர்பெட்டி 5 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இருக்க வேண்டும், மீந்ததை மூன்று நாட்களுக்கு மேல் வைக்கக் கூடாது, ஒருமுறைக்கு மேல் சூடாக்கக் கூடாது என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. ஆகவே தனியாள் ஒரே மூச்சில் எவ்வளவு சமைத்து வைக்கலாம் என்பதற்கு ஓர் எல்லை இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமையே வாரம் முழுவதற்கும் சமைத்துவிடுங்கள் என்று யோசனை சொல்பவர்கள் உறைபெட்டி இல்லாத வீட்டை நினைத்துப் பார்ப்பதில்லை.

மூன்றாம் மாதம் ஐம்பத்தெட்டு வேளை சமைத்தேன். ஒரு வேளைக்கு நாற்பத்திரண்டு வந்தது. அதற்குக் கீழே இன்றுவரை இறங்கவில்லை, இறங்கும் என்ற நம்பிக்கையும் இல்லை. நான்கைந்து பேர் உள்ள வீட்டில் இன்னும் குறையும் என்று சொல்வீர்கள். குறையும்தான். ஒரே அடுப்பு, ஒரே எரிபொருள், ஒரே அலைச்சல், சாப்பிடுபவர்கள் மட்டும் அதிகம். அதைப் பற்றியும் எனக்குச் சொல்ல இருக்கிறது, அதுதான் என்னை இவ்வளவு எழுத வைக்கிறது.

என் தம்பி வீட்டில் ஐந்து பேர். அம்மாவும் அங்கேதான். தம்பியும் அவன் மனைவியும் வேலைக்குப் போகிறவர்கள், ஆகவே சமையல் அம்மாவுடையது. அம்மாவுக்கு மணிக்கட்டு முறிந்து ஆறு வாரம் மாவுக்கட்டுப் போட்டிருந்தபோது சாப்பாட்டை வெளியில் வாங்கினார்கள். தம்பி தொலைபேசியில் சொன்னான்: “அக்கா, சாப்பாட்டுச் செலவு இரண்டரை மடங்கு ஆகிவிட்டது. அம்மா சமைத்தபோது ஒன்றுமே ஆகவில்லை.”

அந்த “ஒன்றுமே” என்ற சொல் எனக்குத் தாங்கவில்லை. அடுத்த விடுமுறையில் போய் அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு நாள் வேலையை எழுதினேன். காய் வாங்கப் போவது, நறுக்குவது, சமைப்பது, பரிமாறுவது, பாத்திரம் கழுவுவது, அடுப்பைத் துடைப்பது. நாளுக்கு ஐந்து மணி நேரம். ஆறு வாரத்துக்கு இருநூற்றுப் பத்து மணி. எங்கள் பழைய உணவகத்தில் உதவிச் சமையல்காரருக்குக் கொடுத்த மணிக்கூலியைப் போட்டுப் பெருக்கினேன். தம்பி கூடுதலாகச் செலவழித்ததாகச் சொன்ன தொகையில் முக்கால் பங்கு அதிலேயே வந்துவிட்டது. தாளை அவன் முன்னால் வைத்தேன். சமையல்காரருக்குச் சம்பளம் எழுதியே கை தேய்ந்தவள் நான், அதே வேலையை அம்மா செய்தால் பூஜ்யம் என்று எப்படி எழுதுவது?

வணிகவியல் படித்தபோது மார்கரெட் ரீட் என்ற அமெரிக்கப் பொருளியலாளரைப் பற்றி வகுப்பில் சொன்னார்கள். கூலி கொடுத்து வேறொருவரைச் செய்யச் சொல்லக்கூடிய வேலை எதுவோ அது உற்பத்திதான், வீட்டுக்குள் நடந்தாலும் உற்பத்திதான் என்று 1934இலேயே எழுதியவர் அவர். சமைத்த உணவின் விலை என்பது பொருளின் விலையும் நேரத்தின் விலையும் சேர்ந்தது என்ற கருத்தை இன்னொரு அமெரிக்கப் பொருளியலாளரான கேரி பெக்கர் 1965இல் கோட்பாடாகவே வகுத்தார். ஆனால் இன்றும் நாடுகளின் வருமானக் கணக்கில் வீட்டில் இருப்பவர் தம் வீட்டுக்காகச் சமைப்பது சேருவதில்லை. அதே சமையலுக்குச் சம்பளத்துக்கு ஆள் வைத்தால் சேரும். தம்பியை மட்டும் குறை சொல்லிப் பயன் இல்லை, அரசாங்கங்களே அவனைப் போலத்தான் எழுதுகின்றன.

அம்மா தாளைப் பார்த்துவிட்டுச் சொன்னது இதுதான்: “எனக்குக் கூலி எல்லாம் வேண்டாம். இரவுப் பாத்திரத்தை மட்டும் யாராவது கழுவி வையுங்கள். காலையில் எழுந்ததும் அது கிடப்பதைப் பார்த்தால்தான் அலுப்பாக இருக்கிறது.”

பாத்திரம் என்றதும் எனக்கு வேறொன்று நினைவுக்கு வருகிறது. உங்கள் கேள்விக்குத் தொடர்பில்லாதது, பொறுத்துக்கொள்ளுங்கள். எங்கள் உணவகத்தில் தட்டு உடைந்தால் அதன் விலையைப் பாத்திரம் கழுவுபவரின் சம்பளத்தில் பிடிப்பார்கள். மேசையில் வாடிக்கையாளரின் குழந்தை தள்ளிவிட்டு உடைந்தாலும் அவர் கணக்குத்தான். ஈரக் கையோடு பத்து மணி நேரம் நிற்பவருக்கு இருப்பதிலேயே குறைந்த சம்பளம், அதிலும் இந்தப் பிடித்தம். அது அநியாயம் என்று இரண்டு முறை சொன்னேன். மூன்றாம் முறை, உங்கள் சம்பளத்தில் பிடிக்கட்டுமா என்று கேட்டார்கள். நான் வாயை மூடிக்கொண்டேன். அந்தப் பிடித்தங்களுக்குக் கீழே இருக்கும் கையெழுத்து என்னுடையது. பில்லைப் பார்த்து முகம் சுளித்தவர்களில் ஒருவர்கூட அதில் அவருக்கு எவ்வளவு போகிறது என்று கேட்டதில்லை.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். உங்களுக்குச் சமைத்துப் பழக்கம் இல்லை, மாலையில் களைத்துத்தான் வீடு திரும்புகிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். சம்பளத்தை மணிக்கணக்காக வகுத்து, சமைக்கும் நேரத்தால் பெருக்கி, ஆகவே வெளியில் சாப்பிடுவதே லாபம் என்று சிலர் காட்டுவார்கள். நம்பாதீர்கள். இரவு எட்டு மணிக்கு நீங்கள் அடுப்படியில் நிற்காவிட்டால் அந்த நேரத்துக்கு உங்களுக்கு யாரும் சம்பளம் தரப்போவதில்லை. அந்த நேரத்தில் உண்மையில் என்ன செய்வீர்கள் என்று பாருங்கள். தூக்கமா, படிப்பா, கைப்பேசியா? படிப்பு என்றால் அதற்கு விலை உண்டு. அம்மாவின் நேரத்துக்குக் கூலி போட்டாயே, இப்போது மாற்றிப் பேசுகிறாயே என்று கேட்காதீர்கள். அவர் செய்தது ஐந்து பேருக்கான வேலை, அவர் செய்யாதபோது அந்த வேலைக்கு நிஜமாகவே பணம் கொடுக்க வேண்டியிருந்தது.

எதை வீட்டில் சமைப்பது, எதை வெளியில் வாங்குவது என்பதில்தான் மிச்சம் இருக்கிறது. பல உணவகங்களில் சரக்கு விலையை மூன்றால் பெருக்கித்தான் விலைப் பட்டியல் போடத் தொடங்குவார்கள். அதனால் பொருளின் விலை அதிகமாகவும் வேலை குறைவாகவும் உள்ள உணவில், நீங்கள் கொடுக்கும் கூடுதல் பணமும் அதிகம். சுட்டோ வேகவைத்தோ எடுக்கும் இறைச்சி, மீன், முட்டை, தானியம், எளிய காய் வதக்கல் இவற்றை வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். பொருள் மலிவாக இருந்து, ஊறவைத்து, அரைத்து, பொறுமையாகச் செய்ய வேண்டியவற்றை வெளியில் வாங்குங்கள். சட்டி நிறைய எண்ணெயில் பொரிப்பதும் அப்படித்தான். ஒருவருக்காக ஊற்றிய எண்ணெயை என்ன செய்வது? பானங்களை மட்டும் வெளியில் வாங்கவே வாங்காதீர்கள். எங்கள் பட்டியலில் மிக அதிக லாபம் தந்தவை அவைதான், பல மாதங்களில் வாடகையைத் தாங்கியவை அவையே. வீட்டுக்குக் கொண்டுவந்து கொடுக்கச் சொன்னால் கொண்டுவரும் கூலியும் பொட்டலக் கூலியும் சேர்ந்துகொள்ளும். அதைச் சாப்பாட்டுக் கணக்கில் எழுதாமல் விடுபவர்களே அதிகம்.

குளிர்பெட்டி, அடுப்பு எல்லாம் ஒரே நாளில் வாங்கலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். இப்போது வேண்டாம். ஓர் ஒற்றை அடுப்பு, ஒரு பிரஷர் குக்கர், மூடியுள்ள ஒரு சட்டி, ஒரு கத்தி. குக்கருக்குள் தண்ணீர் சுமார் 120 டிகிரியில் கொதிக்கும், பருப்பும் தானியமும் பாதி நேரத்துக்குள் வெந்துவிடும், எரிபொருள் மிச்சம் கண்ணுக்குத் தெரியும். முதல் மாதம் காலை வேளை மட்டும் சமையுங்கள், அன்றன்றைக்கு வேண்டியதை அன்றன்றைக்கே வாங்குங்கள். எத்தனை நாள் சமைத்தீர்கள், எவ்வளவு எறிந்தீர்கள், பாத்திரம் கழுவ எத்தனை நிமிடம் ஆனது என்று மூன்றே மூன்று எண்களை எழுதி வையுங்கள். இருபது நாட்களுக்கு மேல் சமைத்திருந்தால் குளிர்பெட்டிக்கு விலை விசாரிக்கலாம்.