வாசகர் கேள்வி: மலைப்பாதையில் ஒரு முழுநாள்

கேள்வி: பெக்கோ பாதையில் அப்புத்தளைப் பக்கம் ஒருநாள் 16 கி.மீ. நடக்க நாலு பேர் சேர்ந்திருக்கிறோம். எங்கள் ஊரில் மலையே இல்லை. எங்கே பழகுவது?
வாசகர், கிளிநொச்சி

பதில்: கண்டி ஹந்தானையில் தொடங்கி நுவரெலியாவில் முடியும் அந்தப் பாதை 300 கி.மீ. வரை போகிறது. அதை 22 கட்டங்களாகப் பிரித்திருக்கிறார்கள், ஒருநாளுக்கு ஒரு கட்டம் தாராளம்.

பழகக் குளக்கட்டு போதும். கல் பதித்த நீர்ப்பக்கம் வேண்டாம், வழுக்கும். வெளிப்பக்கப் புல் சரிவில் முதுகில் பையோடு 20 தடவை ஏறி இறங்குங்கள். பைக்குள் ஒன்றரை லீற்றர் தண்ணீர்ப் போத்தல் 5 வைத்தால் ஏழரைக் கிலோ. களைத்தால் ஊற்றிவிட்டு வரலாம், அரிசியை அப்படிச் செய்ய முடியாது!

ஏறும்போது மூச்சுத்தான் வாங்கும். தொடையைக் கெடுப்பது இறக்கம். பாரத்தைத் தாங்கிக்கொண்டே தசை நீள்வதால் அதில் நுண்ணிய கிழிசல்கள் விழும், நோவு அடுத்த நாள்தான் தெரியும். ஒருமுறை அப்படி நொந்து ஆறிய தசை சில கிழமைகளுக்குத் தாங்கும். ஆகவே பயணத்துக்கு 10 நாள் முன்பாவது நன்றாக இறங்கிப் பழகிவிடுங்கள்.

கேள்வி: பை தூக்கி அரைமணியிலேயே தோள் விட்டுப்போகிறது. ஏன்?
வாசகர், மல்லாவி

பதில்: தோளில் தூக்குவதால்தான். பாரம் இடுப்பில் இருக்கவேண்டும். எல்லாப் பட்டிகளையும் தளர்த்திவிட்டு, இடுப்பெலும்பின் மேல்விளிம்பில் இடுப்புப்பட்டியின் நடு உட்காரும்படி முதலில் அதை இறுக்குங்கள், தோள்பட்டி பிறகு. தோளுக்கும் பட்டிக்கும் நடுவே ஒரு விரல் நுழைந்தால் சரி. பள்ளிக்கூடப் பையில் இடுப்புப்பட்டி இராது. அதில் 5 கிலோவுக்கு மேல் ஏற்றாதீர்கள்.

பாரமானவை முதுகை ஒட்டி, தோள்பட்டைகளுக்கு இடையே வரவேண்டும். தண்ணீரை வெளிப்புறம் வைத்தால் பை பின்னால் இழுக்கும், நீங்கள் முன்னால் கூனுவீர்கள். மழைக்கு உள்ளே ஒரு பொலித்தீன் உறை போடுங்கள். சீனி மூட்டைக்குள் வருவது அளவாக இருக்கும். உரப்பை வேண்டாம், நெடி சாப்பாட்டில் ஏறும்.

கேள்வி: செருப்போடே திரிந்த கால். சப்பாத்துப் போட்டால் கொப்புளம் வருகிறதே?
வாசகர், புதுக்குடியிருப்பு

பதில்: செருப்பில் வளர்ந்த பாதம் முன்பக்கம் விரிந்திருக்கும். அகலமான சப்பாத்தைப் பாருங்கள், அதையும் கால் சற்று வீங்கியிருக்கும் பின்னேரத்தில் போட்டுப் பார்த்து வாங்குங்கள். பெருவிரலுக்கு முன் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் வேண்டும், இல்லாவிட்டால் இறக்கத்தில் நகம் கறுத்துப்போகும். புதுச் சப்பாத்தோடு மலைக்குப் போகாதீர்கள், இரண்டு கிழமையாவது ஊரில் போட்டு நடங்கள்.

வியர்வையில் ஊறிய தோல் உரசும்போதுதான் கொப்புளம் கிளம்பும். அதற்கு முன் அந்த இடம் சுடுகிற மாதிரி இருக்கும். ‘உச்சிக்குப் போய்ப் பார்ப்போம்’ என்று விடாமல் அங்கேயே இருந்து, காலைத் துடைத்துக் காயவிட்டு, துணிப் பிளாஸ்டரின் மூலைகளை வட்டமாக வெட்டி ஒட்டுங்கள். மூலை கூராக இருந்தால் சுருண்டு கழன்றுவிடும். வயல்வேலைக் காலில் பித்தவெடிப்பு இருந்தால் ஒரு மாதம் முன்பிருந்தே இரவில் வாசலின் பூசுங்கள்.

கேள்வி: தண்ணீர் எவ்வளவு? எத்தனை மணிக்குப் புறப்படுவது?
வாசகர், வவுனியா

பதில்: நடக்கும் ஒவ்வொரு மணிக்கும் அரை லீற்றர். தேயிலைத் தோட்டத்து ஓடை தெளிவாகத் தெரிந்தாலும் குடிக்காதீர்கள். கொதிக்கவைத்தால் கிருமி சாகும், தேயிலைக்கு அடித்த மருந்து போகாது. நிறைய வியர்த்தால் ஒரு லீற்றருக்கு ஒரு ஜீவனி (வயிற்றுப்போக்குக்குக் கரைத்துக் குடிக்கும் உப்புத் தூள்) பைக்கற்று, அதற்குக் குறைந்த தண்ணீரில் கரைக்கக்கூடாது. சாப்பாட்டுக்கு எள்ளுருண்டை, பேரீச்சம்பழம். தேங்காய்ப்பூப் போட்ட புட்டு மதியத்துக்குள் புளித்துவிடும்.

நேரக் கணக்கு இது: பையோடு மணிக்கு 4 கி.மீ., ஒவ்வொரு 600 மீற்றர் ஏற்றத்துக்கும் மேலதிகமாக ஒரு மணி. 16 கி.மீ. தூரமும் 600 மீற்றர் ஏற்றமும் என்றால் 5 மணி, ஓய்வோடு 6 அல்லது 7. காலை 6 மணிக்கு வெளிக்கிட்டால் பின்னேர இடிமழைக்கு முன் இறங்கிவிடலாம். ஆனாலும் ரோச் லைட் பைக்குள் இருக்கட்டும்.

கேள்வி: அட்டை கடித்தால்?
வாசகர், மாங்குளம்

பதில்: பிய்க்காதீர்கள். அதன் வாயடியில் நகத்தைக் கொடுத்துத் தள்ளுங்கள். இரத்தம் கொஞ்சநேரம் நிற்காது, அழுத்திப் பிடித்தால் போதும்.