மனைவிக்கு 35 வாரக் கர்ப்பம், குழந்தையின் அசைவு குறைந்த மாதிரி இருக்கிறது. வீட்டில் வைத்து இதயத் துடிப்பு கேட்க டாப்ளர் கருவி வாங்கலாமா?

வாங்க வேண்டாம். அதைவிட முக்கியமான விஷயம், மனைவிக்கு இரண்டு நாளாக அசைவு குறைவு என்றும், மழை விட்டதும் டாக்டரிடம் போகலாம் என்றிருப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். மழை விடும்வரை காத்திருக்காதீர்கள். இப்போதே கூட்டிப் போங்கள், மீதியை ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்து படித்துக்கொள்ளலாம்.

நான் காத்திருந்தவள், அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன். வளைகாப்பு முடிந்து வலங்கைமான் பக்கம் அம்மா வீட்டில் இருந்தேன். ஐப்பசி அடைமழை, குடமுருட்டியில் தண்ணீர் கரை தொட்டு ஓடிக்கொண்டிருந்தது. ராத்திரி சாப்பிட்டுப் படுத்தால் வலது விலாவுக்குக் கீழே ஓர் உதை விழும், தினமும் அதே நேரம், அதே இடம். அன்றைக்கு விழவில்லை. அத்தை, "நாள் நெருங்க நெருங்க இடம் பத்தாம பிள்ளை அடங்கித்தான் கிடக்கும்" என்றார். அம்மா சர்க்கரைத் தண்ணீர் கலந்து கொடுத்தார். தம்பி ஆன்லைனில் வாங்கி வைத்திருந்த டாப்ளரை எடுத்து வந்தான். ஜெல் தடவித் தேடினோம். தூரத்து வயலில் ஆயில் இன்ஜின் ஓடுவது போல டுக்கு டுக்கு என்று சத்தம், திரையில் 138. வீடே நிம்மதியாகப் படுத்துவிட்டது, நானும்தான்.

காலையில்தான் கும்பகோணம் போனோம். வயிற்றில் இரண்டு பெல்ட் கட்டி, கையில் ஒரு பட்டனைக் கொடுத்து, அசைவு தெரிந்தால் அழுத்தச் சொன்னார்கள். குழந்தையின் இதயத் துடிப்பைக் காகிதத்தில் கோடாகப் பதிவு செய்யும் பரிசோதனை, என்.எஸ்.டி. என்பார்கள். இருபது நிமிடமும் அந்தப் பட்டனைப் பிடித்தபடியே கிடந்தேன், ஒரு தடவைகூட அழுத்தவில்லை. குழந்தை தூங்கினாலும் இப்படி இருக்கும், வயிற்றுக்குள் ஒரு தூக்கம் 20 முதல் 40 நிமிடம் வரை போகும் என்று சொல்லி, இடப்பக்கம் ஒருக்களித்துப் படுக்க வைத்து மறுபடியும் ஓட்டினார்கள். காகிதத்தில் கோடு 140-ஐ ஒட்டியே நேராகப் போனது. "நம்பர் சரியாத்தானே இருக்கு டாக்டர்?" என்று கேட்டேன். நிறைமாதத்தில் 110 முதல் 160 வரை இயல்புதான், ஆனால் குழந்தை அசையும்போது துடிப்பு 15 கூடி, 15 விநாடியாவது நின்று இறங்க வேண்டும், இருபது நிமிடத்தில் இரண்டு தடவையாவது அந்த ஏற்றம் தெரிய வேண்டும் என்று அந்த டாக்டரம்மா கோட்டின் மேல் விரலை ஓட்டிக் காட்டினார். ஸ்கேனில் பனிக்குட நீர் குறைவு, தொப்புள்கொடி ரத்த ஓட்டமும் சரியில்லை. மதியமே ஆபரேஷன். பெண் குழந்தை, 1.9 கிலோ, பத்து நாள் இன்குபேட்டரில் இருந்தாள். இப்போது யு.கே.ஜி. போகிறாள்.

முந்தின ராத்திரி எங்களைத் தூங்க வைத்த 138-க்கும் அந்த நேர்க்கோட்டுக்கும் எண்ணில் பெரிய வித்தியாசம் இல்லை. வீட்டுக் கருவி துடிப்பு இருக்கிறதா என்று மட்டும்தான் சொல்லும். குழந்தை சிரமப்படுகிறதா என்று அதற்குத் தெரியாது. பல நேரம் நஞ்சுக்கொடியில் ரத்தம் ஓடும் சத்தத்தையோ அம்மாவின் துடிப்பையோ குழந்தையுடையது என்று நினைத்துவிடுவோம். அதற்கு முந்தின வாரம் 88 காட்டியதென்று பதறி, கிராம நர்சம்மாவைக் கூப்பிட்டோம். அவர் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டே டாப்ளர் சத்தத்தைக் கேட்டார், அது என் நாடி.

கருவிக்குப் பதில் உங்கள் மனைவியின் கணக்கை நம்புங்கள். குழந்தை வழக்கமாகத் துள்ளும் நேரத்தில் இடப்பக்கம் படுத்து எண்ணட்டும், உதை, புரளல், உருளல் எல்லாம் சேர்த்தி, விக்கல் சேர்த்தி இல்லை. இரண்டு மணி நேரத்துக்குள் பத்து வர வேண்டும். பத்து வந்தாலும் வழக்கத்தைவிட மந்தமாக இருக்கிறது என்று அவருக்குப் பட்டால் அதுவே போதும், கிளம்பலாம். கடைசி மாதத்தில் அசைவின் விதம் மாறும், உதை குறைந்து புரளல் கூடும். அசைவே குறையும் என்பது தவறு. நஞ்சுக்கொடி கருப்பையின் முன்பக்கம் ஒட்டியிருந்தால் ஆரம்பத்திலிருந்தே மெதுவாகத்தான் தெரியும், அவரவர் வழக்கத்தோடுதான் ஒப்பிட வேண்டும்.

இன்னொன்று. இன்றைக்கு என்.எஸ்.டி. நன்றாக வந்து வீட்டுக்கு அனுப்பினால் சந்தோஷம், பெரும்பாலும் அப்படித்தான் நடக்கும். ஆனால் அந்தக் கோடு இன்றைய நிலையைத்தான் சொல்கிறது. நாளை மறுநாள் மறுபடி குறைந்தால் மறுபடி போங்கள். "முந்தாநாள்தானே பார்த்தோம்" என்று கூச்சப்பட வேண்டாம்.

வண்டி கிடைக்காவிட்டால் 108-ஐக் கூப்பிடுங்கள். அசைவு குறைவு என்பதோடு எத்தனை வாரம் என்பதையும் சொல்லுங்கள். கடைசி ஸ்கேன் ரிப்போர்ட், பிக்மி எண் (அரசின் கர்ப்பப் பதிவு எண்) எழுதிய அட்டை இரண்டையும் ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு எடுத்துக்கொள்ளுங்கள், எங்களுடையது மழையில் நனைந்து எழுத்தெல்லாம் கரைந்துவிட்டது.