சுரங்கத்தை மூடியாயிற்று, பம்பை நிறுத்த முடியாது

கேள்வி: ஜேர்மனியின் கடைசி ஆழ் நிலக்கரிச் சுரங்கத்தை ஏன் மூடினார்கள்? நிலக்கரி தீர்ந்துவிட்டதா? மூடிய பிறகு அந்தக் குழிகள் என்ன ஆயின?

தீரவில்லை. கீழே இன்னும் ஏராளமாகக் கிடக்கிறது. அதை மேலே கொண்டுவர ஆகும் செலவுதான் கட்டுப்படியாகவில்லை.

நான் யாழ்ப்பாணத்துக்காரன். ஜேர்மனியின் மேற்கே நிலக்கரிக்குப் பேர்போன ரூர் பகுதிக்கு வந்து முப்பது வருடத்துக்கு மேல் ஆகிறது. இப்போது இருப்பது பொட்ரொப் நகரில். நீங்கள் கேட்கும் புரொஸ்பர்-ஹானியல் சுரங்கம் இந்த ஊரில்தான் இருந்தது. நான் சுரங்கத்துக்குள் வேலை செய்தவன் இல்லை, பேக்கரியில் மா பிசைந்தவன். ஆனால் என் பக்கத்து வீட்டுக்காரர் முப்பத்துமூன்று வருடம் கீழே இறங்கி ஏறியவர். துருக்கிக்காரர். 1961 இல் ஜேர்மனி துருக்கியோடு ஆள் எடுக்க ஒப்பந்தம் போட்டதே, அந்த வழியில் வந்த ஒரு சுரங்கத் தொழிலாளியின் மகன். நான் அவரை 'அபி' என்றுதான் கூப்பிடுவேன். அவர்கள் பாஷையில் அண்ணன்.

இந்த மண்ணின் அமைப்பு தெரிந்தால் உங்கள் கேள்விக்குப் பாதிப் பதில் கிடைத்துவிடும். தெற்கே, ரூர் ஆற்றங்கரையில், நிலக்கரிப் படலங்கள் தரைமட்டத்திலேயே தலைகாட்டும். பன்றி மேய்க்கப் போன பையன் ஒருவன் குளிருக்கு நெருப்பு மூட்டினானாம், விடிந்து பார்த்தால் அடியில் இருந்த கல்லும் சேர்ந்து கனன்றுகொண்டிருந்ததாம். விட்டன் என்ற ஊர்ப்பக்கத்தில் இன்றைக்கும் சொல்லும் கதை இது. அங்கிருந்து வடக்கே போகப் போக அதே படலங்கள் சரிந்து சரிந்து ஆழத்துக்குப் போய்விடுகின்றன. ஆகவே பாட்டன் சுரண்டி எடுத்ததைப் பேரன் ஆயிரம் மீட்டர் இறங்கி எடுக்கவேண்டி வந்தது. பொட்ரொப் வடக்குப் பக்கத்து ஊர். இங்கே 1856 இல் தோண்டத் தொடங்கினார்கள். புரொஸ்பர் என்பது ஆரன்பர்க் கோமகன் ஒருவரின் பெயர். 1974 இல் ஹானியல் என்ற சுரங்கத்தையும் இதோடு சேர்த்தார்கள்.

அந்த ஆழத்தில் பாறையே ஐம்பது பாகை வரை சுடும். குளிர்ந்த காற்றை மேலிருந்து ஊதிக்கொண்டே இருக்கவேண்டும். நிலக்கரிப் படலமோ பல இடங்களில் ஓர் ஆள் நிமிர்ந்து நிற்கும் உயரம்கூட இல்லை. பல் வைத்த பெரிய உருளை ஒன்று நீளச் சுவரைச் சீவிக்கொண்டே போகும். ஆட்களின் தலைக்கு மேலே கூரையைத் தாங்க இரும்புக் கேடயங்கள் வரிசையாக நிற்கும். சீவியது முடிந்ததும் அந்தக் கேடயங்கள் ஒவ்வொன்றாக ஓரடி முன்னால் நகரும், பின்னால் விட்ட இடத்தில் கூரை இடிந்து விழும். விழட்டும் என்றுதான் விடுவார்கள். அபிக்கு அந்தச் சத்தம் பழகிப்போனது. "சத்தம் கேட்காவிட்டால்தான் பயம்" என்பார், பாறை எங்கேயோ பாரத்தைச் சேர்த்துவைக்கிறது என்று அர்த்தமாம். இந்த இடிந்து விழும் சங்கதியை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வருகிறேன்.

இடையில் ஒரு சிரிப்புக் கதை. சுரங்கத் தொழிலாளிகள் ஒருவரையொருவர் 'கும்பெல்' என்பார்கள், கூட்டாளி என்ற பொருளில். வந்த புதிதில் என் காதில் அது 'கும்பல்' என்று விழுந்தது. ஏதோ ரவுடிக் கூட்டம் என்று நினைத்து ஒதுங்கிப் போயிருக்கிறேன். வேலை முடிந்து மேலே வந்தால் எல்லாருக்கும் பொதுக் குளியலறை. அழுக்கு உடுப்பைக் கொக்கியில் மாட்டிச் சங்கிலியால் கூரைக்கு இழுத்துவிடுவார்கள். முதுகில் ஒட்டிய கரி தன் கைக்கு எட்டாது, பக்கத்தில் நிற்பவர்தான் தேய்த்துவிடவேண்டும். துருக்கிக்காரன் முதுகை ஜேர்மன்காரன் தேய்ப்பான், அவன் முதுகைக் கொரியாக்காரன் தேய்ப்பான். கொரியாவிலிருந்தும் 1963 தொடங்கி எட்டாயிரம் பேரளவில் வந்தார்கள். இந்த நாட்டில் வேறெந்த வேலைத்தலத்திலும் அப்படி ஒன்றை நான் பார்த்ததில்லை.

சரி, ஏன் மூடினார்கள்? 1957 இல் இந்த நாட்டு நிலக்கரிச் சுரங்கங்களில் ஆறு லட்சம் பேர் வேலை செய்தார்கள். அந்த வருடம் எடுத்தது ஏறக்குறைய 150 மில்லியன் தொன். அடுத்த வருடமே சரிவு. எண்ணெய் மலிவாக வந்தது. கப்பலில் வெளிநாட்டு நிலக்கரி வந்தது. அங்கெல்லாம் தடித்த படலம், பல இடங்களில் மேல்மண்ணை வழித்துவிட்டு அள்ளிக்கொள்ளலாம். இங்கே ஆயிரம் மீட்டர் இறங்கி, குனிந்து, குளிர்காற்று ஊதி எடுக்கிற கரி அதன் விலைக்கு எப்படி ஈடுகொடுக்கும்? கடைசிக் காலத்தில் உள்ளூர்க் கரியின் அடக்கச் செலவு இறக்குமதி விலையைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல். வித்தியாசத்தை அரசாங்கம் மானியமாகக் கட்டியது. மானியத்தை 2018 உடன் நிறுத்துவது என்று 2007 இல் முடிவெடுத்துச் சட்டமும் போட்டார்கள்.

சுற்றுச்சூழலுக்காக மூடினார்கள் என்று இங்கே சிலர் பதில் எழுதியிருக்கிறார்கள். அது சரியில்லை. இதே நாட்டில் பழுப்பு நிலக்கரியைத் திறந்தவெளியில் வெட்டுவது 2018 க்குப் பிறகும் தொடர்ந்தது, அது புகையில் இன்னும் மோசம். (நெய்வேலியில் இருப்பதும் அந்தச் சாதிதான். அங்கே போன ராட்சதச் சக்கர வெட்டும் இயந்திரங்கள் ஜேர்மன் தயாரிப்பு.) ஆழ்சுரங்கத்தை மூடியது காசுக் கணக்கு.

ஆனால் மூடிய விதத்தைப் பாராட்டத்தான் வேண்டும். ஆறு லட்சம் பேரைப் பூச்சியமாக்க அறுபது வருடம் எடுத்துக்கொண்டார்கள். நிலத்தடியில் வேலை செய்தவருக்கு ஐம்பது வயதில் ஓய்வுப் படி, இளையவர்களுக்கு வேறு சுரங்கத்துக்கு மாற்றம் அல்லது வேறு தொழிலில் பயிற்சி. ஒருவரையும் தெருவில் விடுவதில்லை என்பது தொழிற்சங்கத்தின் பிடிவாதம். பிரித்தானியாவில் 1984-85 சுரங்கத் தொழிலாளர் வேலைநிறுத்தம் தோற்று, பிறகு சுரங்கங்களை மூடி அந்த ஊர்கள் வேலையில்லாமல் தவித்தது தெரிந்தவர்களுக்கு வித்தியாசம் புரியும். இதற்கு மறுபக்கமும் உண்டு. இத்தனை பில்லியனைக் கரியில் கொட்டாமல் புதுத் தொழிலில் போட்டிருந்தால் பக்கத்து ஊரான கெல்சன்கிர்ஷன் இன்றைக்கும் வேலையின்மையில் நாட்டின் முன்வரிசையில் நிற்குமா? எனக்கு அந்தச் சந்தேகம் போகவில்லை. அபியிடம் சொன்னால் கோபம் வரும்.

2018 டிசம்பர் 21 அன்று ஏழு கிலோக் கரித்துண்டு ஒன்றை மேலே கொண்டுவந்து ஜனாதிபதி ஸ்டைன்மயரின் கையில் கொடுத்தார்கள். டிவியில் காட்டினார்கள். நாலு நாளுக்கு முன்புதான் இப்பன்ப்யூரனில், அதே வருடம் கரி எடுப்பதை நிறுத்திய மற்றச் சுரங்கத்தில், ஒரு தொழிலாளி விபத்தில் இறந்திருந்தார். இருபத்தொன்பது வயது. அபி பாதியில் டிவியை அணைத்துவிட்டு வெளியே போய்ப் பனியைத் தள்ளத் தொடங்கினார். அன்றைக்குத் தள்ளுகிற அளவுக்குப் பனியே இல்லை.

இனி உங்கள் கடைசிக் கேள்வி. என்னைக் கேட்டால் இதுதான் பெரிய கதை.

பின்னால் கூரை இடிந்து விழ விட்டார்கள் என்றேன் அல்லவா? கீழே இடிந்தால் மேலேயும் தரை இறங்கும். ரூர் பகுதியில் சில இடங்கள் இருபது மீட்டருக்கும் மேல் இறங்கியிருக்கின்றன. முன்பு வேறோர் ஊரில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டில் பிள்ளைகளின் பந்து எப்போதும் குசினி மூலைக்கே உருண்டு போகும். வீடு சரிந்தால் பந்து மூலைக்குப் போவதோடு நின்றுவிடும். ஊரே கிண்ணமாக இறங்கினால் மழைத்தண்ணீர் எங்கே போகும்? எம்ஷர் ஆற்றுக்கு ஓட வழியே இல்லாமல் போயிற்று. அது ரைன் நதியில் விழும் முகத்துவாரத்தையே இரண்டு தடவை வடக்கே நகர்த்தவேண்டி வந்தது. தரை இறங்கிக்கொண்டே இருந்ததால் நிலத்தடியில் சாக்கடைக் குழாயும் போட முடியவில்லை, போட்டால் உடையும். ஆகவே ஊர்க் கழிவு முழுவதையும் நூறு வருடத்துக்கு மேல் அந்த ஆற்றிலேயே திறந்து விட்டார்கள். நான் வந்த காலத்தில் கோடையில் அந்தப் பக்கம் ஜன்னல் திறக்க முடியாது. சுரங்கம் வடக்கே நகர்ந்து தரை அடங்கிய பிறகுதான், 1992 இல், குழாய் வேலையைத் தொடங்கினார்கள். 2021 முடிவில்தான் ஆற்றில் கழிவு விழுவது நின்றது. செலவு ஐந்து பில்லியன் யூரோவுக்கு மேல்.

கிண்ணத்தில் சேரும் மழைத்தண்ணீரைப் பம்ப் வைத்து இறைத்தபடியே இருக்கவேண்டும். இறைப்பதை நிறுத்தினால் பள்ளத்துத் தெருக்கள் ஏரியாகிவிடும். அது மேல்தண்ணீர். கீழே கைவிட்ட சுரங்கங்களில் ஊறும் தண்ணீர் வேறு. அது உப்புத் தண்ணீர், குடிதண்ணீர் ஊற்று வரை ஏறவிடக்கூடாது. பல நூறு மீட்டர் ஆழத்திலேயே தடுத்துவைத்து இறைக்கிறார்கள். எத்தனை வருடத்துக்கு? இந்தச் செலவுக்கு ஜேர்மன் மொழியில் அதிகாரபூர்வமான பெயரே 'நித்தியச் சுமைகள்' என்பதுதான். பூசை மந்திரத்தில் வரவேண்டிய சொல் வரவுசெலவுக் கணக்கில் வருகிறது. இதற்கென்றே 2007 இல் ஓர் அறக்கட்டளை அமைத்து, எவோனிக் என்ற இரசாயன நிறுவனத்தின் பங்குகளை அதன் கையில் கொடுத்தார்கள். அந்த வருமானத்தில் வருடம் இருநூறு மில்லியன் யூரோவுக்கு மேல் தண்ணீருக்கும் அதைச் சார்ந்த வேலைகளுக்கும் போகிறது.

யாழ்ப்பாணத்தில் கிணறு வெட்டித் தண்ணீர் வந்தால் சர்க்கரைப் பொங்கல் பொங்குவோம் என்று ஒருநாள் அபியிடம் சொன்னேன். "நாங்கள் தண்ணீரைக் கண்டால் கத்திக்கொண்டு ஓடுவோம்" என்றார்.

நம் ஆட்களுக்கு இங்கே தெரிந்த இடம் ஹம் நகரத்துக் காமாட்சி அம்மன் கோவில். தீர்த்தத் திருவிழா நடக்கும் கால்வாய் 1914 இல் திறந்தது, கரிப் படகுகள் நிறைய ஓடிய தண்ணீர்வழி. அதே நகரத்தில் ராட்போட் சுரங்கத்தில் 1908 நவம்பரில் வெடிப்பு நடந்து ஏறக்குறைய 350 பேர் போனார்கள். தேர் பார்க்க வரும் ஆயிரக்கணக்கானவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும் என்று யோசிப்பேன். எனக்கே அபி சொல்லித்தான் தெரியும்.

இன்னொன்றும் கேட்பார்கள்: மறுபடி திறக்க முடியாதா? 2022 இல் ரஷ்ய எரிவாயு நின்றபோது தேநீர்க் கடையெல்லாம் இதே பேச்சு. முடியாது. இயந்திரங்களைக் கழற்றி எடுத்தாயிற்று, கீழே இறங்கும் சுரங்கக் கிணறுகளைக் கொங்கிறீட் ஊற்றி அடைத்தாயிற்று, கீழே தண்ணீர் ஏறிக்கொண்டிருக்கிறது. நானும் அபியிடம் விளையாட்டாகக் கேட்டேன், திறந்தால் திரும்பப் போவீர்களா என்று. "முதலில் என் இரண்டு முழங்காலையும் புதிதாக மாற்றித் தரச் சொல்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, எந்த ஷிப்ட் என்றும் கேட்டார்.